பொய் சொல்லச் சம்பளம்

எங்கள் அம்மா இருபது வருடம் ஏலச்சீட்டு நடத்தினாள். குரோம்பேட்டையில் நாங்கள் இருந்த தெருவில் இருபது பெண்கள், தலைக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கணக்கெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குப் பிறகு யார் எந்த மாதம் எடுத்தார்கள், எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். அந்த நோட்டை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதனால்தான் அத்தனை வருடத்தில் ஒருத்தர் கூட அம்மாவைச் சந்தேகப்பட்டதில்லை.

அதே நோட்டில் இன்னொரு சமாசாரமும் இருந்தது. மூன்றாம் மாதமே ஒருத்தி ஆறாயிரம் தள்ளி, இருபதாயிரம் ரூபாய்ச் சீட்டைப் பதினாலாயிரத்துக்கு எடுத்தாள் என்றால், 'அவங்க வீட்ல என்னவோ சரியில்லைடி' என்பது சாயந்திரத்துக்குள் தெருமுனை வரை போய்விடும். நோட்டில் காரணம் எழுதியிருக்காது. தொகையே சொல்லிவிடும்.

நான் பிளாக்செயின் புரோகிராமர். உடனே 'பிட்காயின் இப்ப வாங்கலாமா சார்?' என்று கேட்க வாயெடுப்பவர்கள் அடுத்த பக்கம் போய்விடலாம். எனக்குத் தெரியாது. என்னிடம் ஒன்று கூட இல்லை.

பிளாக்செயின் என்பது அம்மாவின் சீட்டு நோட்டுதான். ஒரே வித்தியாசம், இருபது பேர் வீட்டிலும் அதே நோட்டின் நகல் இருக்கும். ஒருத்தர் எழுதினால் எல்லா நோட்டிலும் ஏறும். யாரும் ரப்பர் போட்டு அழிக்க முடியாது. 2009 ஜனவரி 3ந் தேதி பிட்காயினின் முதல் பக்கம் எழுதப்பட்டதிலிருந்து இன்று வரை நடந்த அத்தனை கொடுக்கல் வாங்கலையும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி படிக்கலாம். பெயருக்குப் பதில் நீளமாக ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான். அந்த எண் உங்களுடையது என்று எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும். நீங்கள் யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது அவருக்கு ஆயுள் சந்தா.

இந்த நோட்டில் கணக்கும் சரியாக இருக்க வேண்டும், யார் என்ன என்பதும் தெரியக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதுதான் என் பிழைப்பு. பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. மொத்தம் பதினாலு பேர், ஒன்றரை ஏசி. (ஒன்று சில நாள்தான் வேலை செய்யும்.)

'அதெப்படி? காட்டாமலே நிரூபிக்கறதா?' என்று என் அப்பா கேட்டார். ரிட்டயர்டு ஆடிட் ஆபீஸ் ஆசாமி. வவுச்சர் இல்லாமல் வாழ்க்கையில் எதையும் நம்பியதில்லை. அவருக்குக் காபியை வைத்துத்தான் விளக்கினேன்.

அம்மாவுக்கு இரண்டு கடைக் காபிப்பொடியை வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியும். எனக்கு எல்லாம் ஒன்றுதான். இரண்டு டம்ளரை அம்மாவிடம் கொடுக்கிறேன், ருசி பார்க்கிறாள். பிறகு நான் சமையலறைக்குள் போய் டம்ளர்களை இடம் மாற்றுகிறேன், அல்லது மாற்றாமல் அப்படியே கொண்டுவருகிறேன். அம்மா மறுபடி ஒரு வாய் குடித்துவிட்டு 'மாத்திட்டே' அல்லது 'மாத்தலை' என்கிறாள். ஒரு தடவை சரியாகச் சொன்னால் குருட்டு அதிர்ஷ்டம். இருபது தடவையும் சரி என்றால்? குருட்டாம்போக்கில் அப்படி அமைய 10,48,576ல் ஒரு வாய்ப்புதான். அம்மாவுக்கு நிஜமாகவே தெரியும் என்று நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் எப்படித் தெரிகிறது, சிக்கரியா, வறுவலா என்று எனக்கு ஒரு துளி கூடத் தெரியாது. இருபது தடவைக்கு அப்புறம் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது என்பது வேறு விஷயம்.

இதற்கு 'ஜீரோ நாலெட்ஜ்' என்று பெயர். பூஜ்ய அறிவு என்று மொழிபெயர்த்தால் என் மாமனார் வேறு மாதிரி அர்த்தம் எடுத்துக்கொள்வார், வேண்டாம். 1985ல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் என்ற மூன்று பேர் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்தது. முப்பது வருடத்துக்கு மேல் பேப்பரில் கிடந்ததை 2016 அக்டோபர் 28ல் ஜீகேஷ் என்ற நாணயம் தெருவுக்குக் கொண்டுவந்தது.

கட்டுவது ஒன்றும் பிரமாதமில்லை. பாதிக்கு மேல் யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஓடவிட்டுப் பார்க்க நிஜப் பணம் வேண்டாம். செபோலியா என்று ஒரு பயிற்சி மைதானம் இருக்கிறது. அங்கே செல்லாக் காசை இலவசமாக வழங்குகிற இடத்துக்குக் 'குழாய்' என்றே பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரி நம் மெட்ரோ வாட்டர் போலத்தான் சொட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வா என்று சொல்லிவிடும்.

கஷ்டம் சோதிப்பதில் இருக்கிறது. சாதாரண சாஃப்ட்வேரில், சரியான ஆள் சரியாகப் பயன்படுத்தினால் சரியாக வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். எங்கள் தொழிலில் அதைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏன் என்று கேளுங்கள்.

சர்காம் என்று ஒரு மொழி. நிரூபிக்க வேண்டிய கணக்கை அதில் சின்னச் சின்னச் சமன்பாடுகளாக எழுதுவோம். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு வேலை இருக்கலாம். ஒன்று, 'இந்தக் கணக்கைப் போடு.' இன்னொன்று, 'போட்ட கணக்கு சரியா என்று திருத்து.' முன்பெல்லாம் வெறும் = என்று எழுதினால் போடும், திருத்தாது. <== என்று எழுதினால் இரண்டையும் செய்யும். பரீட்சை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கிற பையன் பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி 144 என்று எழுதுகிறான். வாத்தியார் திருத்தினாலும் நூறு மார்க், தூங்கினாலும் நூறு மார்க். வாத்தியார் தூங்குகிறார் என்பது நல்ல பையன் மூலமாக உங்களுக்குத் தெரியவே தெரியாது. 500 என்று எழுதுகிற போக்கிரி ஒருத்தன் வேண்டும்.

அந்தப் போக்கிரிதான் நான். மாதம் முதல் தேதி பொய் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறேன்.

இது கற்பனை இல்லை. டொர்னாடோ கேஷ் என்று ஒரு அப்ளிகேஷன் 2019ல் வந்தது. ஈத்தர் பணத்தை ஒரு பொது உண்டியலில் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வேறு விலாசத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போட்டவர் யார், எடுத்தவர் யார் என்று முடிச்சுப் போட முடியாது. வந்த வருடம் அக்டோபரிலேயே அதில் ஒரு ஓட்டை தெரியவந்தது. பொது நூலகத்திலிருந்து எடுத்துப் போட்ட ஒரு பகுதியில், ஒரே ஒரு வரியில், <== இருக்க வேண்டிய இடத்தில் = இருந்தது. உண்டியலில் ஒரு காசும் போடாதவன் 'நானும் போட்டேன்' என்று பொய் நிரூபணம் தயாரித்து அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அது வரை பயன்படுத்திய எல்லாரும் நல்ல பையன்கள், எல்லாருக்கும் சரியாகவே வேலை செய்தது. கடைசியில் உருவாக்கியவர்களே திருடனுக்கு முந்திக்கொண்டு தங்கள் உண்டியலைத் தாங்களே உடைத்து, பணத்தைப் பத்திரப்படுத்தினார்கள். இரண்டே இரண்டு எழுத்து சார்!

ஜீகேஷ் கதை இதைவிட வயிற்றைக் கலக்கும். 2018 மார்ச் 1ந் தேதி ஏரியல் கபிசோன் என்ற அவர்கள் கணித நிபுணர், 2014ல் எழுதப்பட்ட மூல ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே ஒரு பிசகு இருப்பதைப் பார்த்தார். அதைத் தெரிந்தவன் கணக்கில்லாமல் கள்ள நாணயம் அடிக்கலாம், அடிப்பது யாருக்கும் தெரியாது. பெட்டி மூடியிருப்பதுதானே அதன் விசேஷமே! விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும் சொல்லி, எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்து, அக்டோபர் 28ல் வழக்கமான மாற்றத்தோடு மாற்றமாகச் சத்தமில்லாமல் அடைத்தார்கள். உலகத்துக்குச் சொன்னது 2019 பிப்ரவரி 5ல். யாரும் கள்ள நாணயம் அடித்த தடயம் இல்லை என்றார்கள். பெட்டிக்குள் எவ்வளவு போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று மொத்தத்தைப் பார்க்கலாமே தவிர, உள்ளே எட்டிப் பார்க்க அவர்களாலேயே முடியாது. இப்படி ஒரு ரகசியத்தை எட்டு மாதம் வைத்துக்கொண்டு வீட்டில் நிம்மதியாக ரசம் சாதம் சாப்பிட்டிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். ஊழியர்கள் தங்கள் மேலதிகாரிக்கு மார்க் போட ஒரு அப்ளிகேஷன் வேண்டும். யார் போட்டது என்று தெரியக்கூடாது, ஒருத்தர் ஒரு தடவைதான் போட வேண்டும், போட்டதை யாரும் பிறகு மாற்றக்கூடாது. உங்கள் ஆபீசிலும் வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மெயில் வருமே, 'உங்கள் கருத்துகள் முற்றிலும் ரகசியம்' என்று. நீங்களும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலு போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் எங்களுக்கு வந்த ஆர்டர்.

செமஃபோர் என்று இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொருவர் போனிலும் ஒரு ரகசிய எண். அதன் கைநாட்டு மட்டும் பொதுப் பட்டியலில். ஓட்டுப் போடும்போது 'இந்தப் பட்டியலில் நானும் ஒருத்தன்' என்று எந்த வரிசை என்பதைக் காட்டாமல் நிரூபிக்கலாம். கூடவே உங்கள் ரகசியத்திலிருந்து பிறக்கிற ஒரு முத்திரை எண் வெளியே விழும். அதே முத்திரை இரண்டாம் தடவை வந்தால் கள்ள ஓட்டு என்று தள்ளிவிடும். நம் ஊர் விரல் மைதான், விரல் மட்டும் தெரியாது.

கள்ள ஓட்டுப் போடுவதற்கு நான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். அடுத்தவர் கைநாட்டை வைத்துப் போட்டேன். பட்டியலில் இல்லாதவனாகப் போட்டேன். கணக்கின் நடுவில் எண்களைத் திருகிப் போட்டேன். இதில் ஒன்று சுவாரஸ்யமானது. இந்தக் கணக்கெல்லாம் ஒரு 77 இலக்க எண்ணைச் சுற்றி, கடிகாரம் மாதிரி நடக்கிறது. கடிகாரத்தில் 2 மணியும் 14 மணியும் முள்ளுக்கு ஒன்றுதான். ஆனால் டயரியில் 2, 14 என்று எழுதினால் வேறு வேறு. முத்திரை எண்ணோடு அந்த 77 இலக்க எண்ணைக் கூட்டி அனுப்பினால் நிரூபணம் சரி என்று சொல்லும், டயரியோ 'இது புது முத்திரை ஆச்சே' என்று உள்ளே விடும். ஒரே ஆள் சாவகாசமாக ஐந்து ஓட்டுப் போடலாம். 2019ல் செமஃபோரிலேயே இந்த வழியை ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லி, அடைத்தார்கள். நான் போட்டுப் பார்த்தபோது தள்ளிவிட்டது. பத்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

கணிதம் பாஸ். அடுத்து மனிதர்கள்.

எங்கள் ஆபீசில் பதினாலு பேரையும் ஒரு நாள் நிஜமாகவே ஓட்டுப் போடவைத்தோம். கம்பெனி எழுதிக் கொடுத்த திட்டப்படியே. பிறகு எங்கள் கல்பனாவைக் கூப்பிட்டு, 'யார் யார் என்ன போட்டாங்கன்னு கண்டுபிடி' என்றேன். கல்பனாவுக்கு இந்தக் கணிதம் ஒரு வரி தெரியாது. எக்ஸெல் தெரியும். ஆபீசில் யார் எப்போது எழுந்து போகிறார்கள் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேப்பரோடு வந்தாள். பதினாலில் ஒன்பது பேர்.

'எப்படிம்மா?'

'ஓட்டுப் போட ஃபீஸ் கட்டணும் இல்ல? மூணு பேர் அவங்க தினம் டெஸ்ட் பண்ற வாலட்லேர்ந்தே கட்டியிருக்காங்க. மத்தியானம் ஒண்ணு இருபதுக்கு ரெண்டு ஓட்டு. அப்ப சீட்ல இருந்தது ரெண்டு பேர்தான், மத்தவங்க எல்லாம் பிரியாணி சாப்பிடப் போயாச்சு. ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு ஒண்ணு, அது நீங்க.'

'மீதி மூணு?'

'கருத்து எழுதற கட்டத்துல "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்"னு இருந்துச்சு. நம்ம அட்மின் சாரை விட்டா வேற யாரு எழுதுவா? மத்த ரெண்டு பேரையும் அவங்க ஸ்பெல்லிங்கே காட்டிக் குடுத்துடுச்சு.'

இன்னொன்றும் சொன்னாள். 'ஏசி சரியாக இருக்கிறதா?' என்ற கேள்விக்குப் பதினாலு பேருமே 'இல்லை' போட்டிருந்தார்கள். 'எல்லாரும் ஒரே மாதிரி போட்டா யார் என்ன போட்டாங்கன்னு கண்டுபிடிக்கவே வேண்டாமே?' என்றாள். எந்த 77 இலக்க எண்ணும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இது கல்பனாவின் தனித் திறமை என்று நினைக்காதீர்கள். 2018ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் ஜீகேஷின் கணக்குப் புத்தகத்தை இதே மாதிரி உட்கார்ந்து படித்தார்கள். கணிதத்தைத் தொடவே இல்லை. மூடிய பெட்டியிலிருந்து திரும்பத் திரும்ப 250.0001 என்று ஒரே தொகை வெளியே வந்துகொண்டிருந்ததைப் பார்த்து, இது நிறுவனர்கள் பணம் என்று ஊகித்துவிட்டார்கள். மறுபடி அம்மாவின் நோட்டுதான். தொகையே சொல்லிவிடும். டொர்னாடோவில் 0.1, 1, 10, 100 என்று முழு நோட்டாக மட்டும் போடச் சொன்னது இதற்காகத்தான். எல்லார் கையிலும் ஒரே மாதிரி நோட்டு இருந்தால் கூட்டத்தில் மறையலாம்.

ரிப்போர்ட் எழுதினேன். ஃபீஸை ஊழியர் கட்டக்கூடாது, நடுவில் ஒரு பொது ஏஜெண்ட் கட்டட்டும். ஓட்டு உடனே போகக்கூடாது, ஒரு நாளுக்குள் ஏதாவது ஒரு நேரத்தில் கலந்து போகட்டும். கருத்து எழுதும் கட்டம் வேண்டாம். இருபத்தைந்து பேருக்குக் குறைந்த குழுவுக்குத் தனியாக ரிசல்ட் காட்டக்கூடாது.

டெமோ காட்ட அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். முடிந்து லிஃப்டுக்கு நிற்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

'சார், நெஜமாவே யாருன்னு தெரியாதா?'

'உங்க டீம்ல எத்தனை பேர்?'

'ஆறு பேர். நைட் ஷிஃப்ட். நான் மட்டும்தான் லேடி.'

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது இருக்கிறபடி ஓடவிட்டால் தெரிந்துவிடும், மாற்றச் சொல்லியிருக்கிறோம், மாறுகிற வரை போடாதீர்கள் என்றேன். 'ஒண்ணே ஒண்ணு மார்க்குதான் சார் போடணும்' என்றாள். லிஃப்ட் வந்தது. அவள் படியில் இறங்கிப் போனாள்.

அடுத்த மீட்டிங்கில் அவர்கள் ஆறு பேர், எங்கள் பக்கம் பாஸும் நானும். இருபத்தைந்து பேர் விஷயம் எடுத்த எடுப்பில் அடிபட்டது. 'எங்க டீமெல்லாம் ஆறு எட்டுதான். டீம்வாரியா ரிசல்ட் இல்லேன்னா இது எதுக்கு?' நியாயமான கேள்விதான், பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் பர்சனல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'எல்லாம் ரகசியமாவே இருக்கட்டும். ஆனா யாராவது ரொம்ப அசிங்கமா ஏதாவது பண்ணா, யாருன்னு பார்க்க ஒரு சாவி மட்டும் வெச்சுடுங்க. எமர்ஜென்சிக்கு' என்றார்.

'சாவி யார்கிட்ட இருக்கும்?'

'என்கிட்டதான்.'

'உங்களுக்கும் மார்க் போடறாங்களே சார்?'

பாஸ் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். வெளியே வந்ததும், '2017லயே ஒன்பது ஜட்ஜ் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொல்லியிருக்காங்க' என்று ஆரம்பித்தேன். 'அது சர்க்காருக்குப்பா. கஸ்டமருக்கு இல்லே' என்றார் பாஸ்.

சாவி கேட்பவர்கள் எல்லாரும் வில்லன்கள் என்று நான் சொல்லவில்லை. டொர்னாடோ கேஷுக்குச் சாவி கிடையாது. 2022 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 700 கோடி டாலருக்கு மேல் அதன் வழியாக வெளுக்கப்பட்டது, வட கொரிய ஹேக்கர்கள் திருடியதும் அதில் அடக்கம் என்றது. அதே மாதம் நெதர்லாந்தில் அலெக்ஸி பெர்ட்சேவ் என்ற டெவலப்பரைக் கைது செய்தார்கள். 2024 மே 14ல் ஐந்து வருடம் நாலு மாதம் தண்டனை. 2025 மார்ச்சில் அமெரிக்கா அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஆனால் ஆகஸ்டில் ரோமன் ஸ்டார்ம் என்ற இன்னொரு டெவலப்பரை நியூயார்க் ஜூரி ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது, மற்ற இரண்டில் ஜூரிக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

அப்பா இதைப் பேப்பரில் படித்துவிட்டு, 'உன்னையும் புடிச்சிட்டுப் போயிடுவாங்களாடா?' என்றார். நான் பணம் சம்பந்தப்பட்டது எதுவும் இப்போது செய்வதில்லை என்றேன். திருட்டுப் பணம் போகிற வழியைக் கேள்வி கேட்க யாராவது வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நைட் ஷிஃப்டில் ஆறு பேருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பெண் போடுகிற ஒரு மார்க்குக்கு எந்த எமர்ஜென்சியில் யாருக்குச் சாவி வேண்டும்?

சாவி வைக்கலாம், ஆனால் வைத்திருக்கிறோம் என்று முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று பாஸ் மூலம் சொல்லியனுப்பினோம். பாஸ் இதற்குச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். காலை மிதித்தவர் அவர்தான், கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பத்து நாள் பதில் இல்லை. பிறகு, அது வரை செய்த வேலைக்குப் பணம் அனுப்பிவிட்டு, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்த வருட இன்க்ரிமெண்டில் பதினாலு பேருக்கும் அது தெரிந்தது. ஏசி இன்னும் ரிப்பேர்.

வேறு இடத்தில் செய்தும்விட்டார்கள். கல்பனாவின் தோழி அங்கே வேலை பார்க்கிறாள், லிங்க் அனுப்பினாள். அழகாக இருக்கிறது. மேலே பூட்டுப் படம், அதற்குக் கீழே 'உங்கள் கருத்துகள் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்' என்று தடித்த எழுத்தில். அதற்கும் கீழே முதல் கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டது: எம்ப்ளாயி நம்பர்.